ஏழு வயரும் ஒரு சாவியும்

தோட்டத்தில் யாருக்காவது தந்தி வந்தாலும் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு வந்தாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சிறிலின் காம்பரா வீட்டுக்குத்தான் வருவார்கள். சிறிலைத் தேடி அல்ல. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசினோடு மாரடிக்கிற மனிதர். அவருடைய மகள் பெற்றீசியாவைத் தேடித்தான் வருவார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழும், ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீசும் படித்துவிட்டுக் கொட்டகலையில் டீச்சராக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். துண்டை வாங்கி வாசித்து இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிடுவாள். விளங்காத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்துத் தானாக ஒரு பொருள் வைத்துக்கொள்வாள். 'எனக்குத் தெரியாது' என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. 1979ஆம் வருஷம் வரைக்கும் அப்படிச் சொல்லவேண்டிய நெருக்கடியும் வரவில்லை.

அந்த வருஷம் கொட்டகலைக் கோயிலுக்குப் பங்குச் சாமியாராக வந்தவர் றோலண்ட். ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர். அவரோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. முகப்பில் தகடு, தகடு நிறையத் திருகுகளும் ஓட்டைகளும், ஓட்டைக்கு ஓட்டை தொங்குகிற ஏழு வயர்கள், கீழே ஆர்மோனியத்தில் உள்ளதுபோல ஒரு வரிசைக் கட்டைகள். சிந்தசைசர் என்று சாமியார் சொன்னார். பிள்ளைகள் வயர்ப் பெட்டி என்றார்கள்.

"என்னா சாமி, இது பாட்டுப் பெட்டியா, டெலிபோன் ஆபீசா?" என்று கேட்டாள் தெரேசா.

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். தெரேசா பகலில் கொழுந்து பறிப்பவள். பின்னேரம் கோயிலைக் கூட்டித் துடைப்பாள். பதினொரு வருஷமாகக் கோயில் சாவி அவள் முந்தானையில்தான் முடிந்திருந்தது. கூடையோடு மலையேறும்போதும் அது கூடவே போகும். கங்காணிகூட அவளை 'கோயில்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார். சிறில் குடும்பத்துக்கு அடுத்த காம்பரா அவளுடையது. பெற்றீசியா நடக்கப் பழகியதே அவள் வாசலில்தான். அதனால் அவள் டீச்சரான பிறகும் தெரேசாவுக்குப் பாப்பாதான்.

ஆர்மோனியம் வாசிப்பவள் பெற்றீசியா என்பதால் சாமியார் அவளைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"இந்தப் பெட்டியில சத்தம் தானா வராது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வேலை செய்யும். எதை எதோட சேக்கணும்னு நாமதான் வயரைச் சொருகிச் சொல்லணும்" என்று தமிழில் தொடங்கியவர் கொஞ்ச நேரத்தில் இங்கிலீசுக்கு மாறி வேகமாகப் போனார். ஒசிலேட்டர், ஃபில்டர், என்வலப். என்வலப் என்றால் கடித உறை. பெட்டிக்குள் கடித உறைக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த மூன்று விஷயங்களைக் கடந்துவிட்டார்.

"விளங்குதா?"

சுற்றிலும் பாட்டுக்குழுப் பெண்கள் நின்றார்கள். கோயில் கமிட்டித் தலைவரும் தோட்டத்துப் பெரிய கிளாக்கருமான மரியரட்ணம் நின்றார். தெரேசா துடைப்பத்தோடு நின்றாள்.

"விளங்குது சாமி" என்றாள் பெற்றீசியா.

சாமியார் ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தையும் அவளிடம் கொடுத்தார். இரவல் வாங்கிய குடையைப் போல அதை அவள் பத்திரமாக வைத்தாள், விரிக்கவில்லை. விரித்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ஏழு வயரும் சாமியார் சொருகிய இடத்திலேயே இருந்தன. கட்டையை அழுத்தினால் புல்லாங்குழல் மாதிரி நாதம் வந்தது. பூசை தொடங்குமுன் அவள் ஒரு திருகைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவைப்பாள். அதனால் ஒன்றும் மாறாது. ஆனால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பார்க்க நன்றாக இருந்தது. "அந்த வயரெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டால், "அது பெரிய கணக்கு" என்பாள்.

ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழா வந்தது. சாமியார் மன்னாருக்குத் தியானப் பிரசங்கம் கொடுக்கப் போயிருந்தார். திரும்ப இரண்டு வாரம் ஆகும். திருவிழாப் பூசைக்கு ஹட்டனிலிருந்து வேறு சாமியார் வருவதாக ஏற்பாடு. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கோயிலுக்குள் பெஞ்சு, சுவர், சுரூபத்தின் பாதம் என்று எல்லாவற்றிலும் பூஞ்சணம். வயர்ப் பெட்டியிலும் பிடித்திருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் தெரேசா வழக்கம்போலத் திருவிழாவுக்குத் துடைத்தாள். மெழுகுதிரித் தண்டுகளைக் கழற்றித் துடைத்தாள், பூச்சாடிகளை இறக்கித் துடைத்தாள். வயர்களையும் கழற்றிச் சீலைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் வளையமாகச் சுற்றிப் பெட்டியின் மேல் வரிசையாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்த பெற்றீசியா அந்த ஏழு வளையங்களைப் பார்த்தாள். பாட்டுக்குழு பின்னால் நின்றது. ஒரு வளையத்தை அவிழ்த்து ஒரு ஓட்டையில் சொருகினாள். மறுமுனையை எங்கே சொருகுவது? ஒன்றில் சொருகினாள். சத்தம் இல்லை. இன்னொன்றில், பிறகு இன்னொன்றில். திடீரென்று பெட்டி அலறியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, எந்தக் கட்டையை அழுத்தினாலும் அடங்காத ஒரே இரைச்சல். பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவள் சுவிட்சை அணைத்தாள்.

மரியரட்ணம் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார்.

"என்னாம்மா, பன்னி கத்துற மாதிரி கத்துது?"

'வயரை எங்கே சொருகுவது என்று எனக்குத் தெரியாது' என்பதுதான் பதில். நான்கு மாதம் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அதை எப்படிச் சொல்வாள்? நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"தெரேசாக்கா வயரெல்லாம் புடுங்கிட்டாங்க ஐயா. மெசின் பழுதாயிருச்சு."

"பழுதா? சாமி வெளிநாட்டுலேருந்து கொண்டாந்த சாமானு!"

"ஆமாங்க" என்றாள்.

தெரேசாவை வரவழைத்தார்கள். "தொடைச்சுதான் வச்சேன் ஐயா, ஒண்ணையும் ஒடைக்கல" என்று சொல்லிவிட்டு அவள் பெற்றீசியாவைப் பார்த்தாள். "நீ சொல்லு பாப்பா. ஒடைஞ்சா போச்சு?"

பெற்றீசியா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"படிச்ச புள்ள சொல்லுது. நீ என்னா எதுத்துப் பேசுற?" என்றார் மரியரட்ணம். சாவியைக் கேட்டார். முந்தானை முடிச்சு பதினொரு வருஷத்தில் இறுகிப்போயிருந்தது. தெரேசா பல்லால் கடித்து அவிழ்த்தாள். மரியரட்ணம் சாவியை வாங்கிப் பெற்றீசியாவிடம் நீட்டினார். "இனிமே இது டீச்சர் கையிலயே இருக்கட்டும்." அவள் வாங்கிக்கொண்டாள். சாவி சூடாக இருந்தது.

திருவிழா ஆர்மோனியத்தோடு நடந்தது. ஒவ்வொரு வருஷமும் பீடத்துக் கதவோரம் நிற்கிற தெரேசா, இந்த முறை வாசலுக்கு வெளியே கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். உள்ளே இடம் இல்லாமல் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பெற்றீசியா தனியாகப் போய்க் கோயிலைத் திறந்தாள். பெட்டியைச் சரிசெய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை. பெட்டி உண்மையிலேயே பழுதா என்று அறியவேண்டும். பழுதாக இருக்கவேண்டும் என்று மனது கெஞ்சியது. பழுது என்று ஆகிவிட்டால் அவள் சொன்னது பொய் இல்லை. அதற்காகத்தான் புத்தகத்தை முதல்முறையாக விரித்தாள்.

முதல் பக்கத்தில் ஒரு படம். கட்டங்கள், கட்டங்களுக்கு இடையே அம்புகள். சில அம்புகள் தடிப்பு, சில மெல்லிசு. கீழே எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தாள். தடித்த அம்பு சத்தம் போகும் வழி. மெல்லிய அம்பில் சத்தம் போகாது; கட்டளைதான் போகும்.

அவளுக்குத் தகப்பனுடைய தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அங்கே சோறு கொண்டுபோவாள். மேல்மாடியில் வாடிய கொழுந்து கீழே ரோலருக்கு வரும், ரோலரிலிருந்து சூட்டடுப்புக்குப் போகும், பிறகு சல்லடைக்கு. அது கொழுந்து போகும் வழி. தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் ஐயா கொழுந்தைத் தொடமாட்டார். ஓரமாக நின்று எதைத் திறப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று சொல்வார். கொழுந்து ஒரு வழியில் போகிறது, உத்தரவு வேறு வழியில் வருகிறது. அவ்வளவுதானா?

ஒரு வயரை எடுத்தாள். ஒசிலேட்டர் என்று எழுதியிருந்த இடத்திலிருந்து நேரே ஸ்பீக்கருக்குச் சொருகினாள். வெள்ளிக்கிழமை கேட்ட அதே அலறல். அவள் கை நின்றுவிட்டது. ஒசிலேட்டர் செய்யவேண்டிய வேலையே அதுதான், ஓயாமல் கத்துவது. பழுது என்று அவள் சொன்ன சத்தம், பெட்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அலறலை ஃபில்டர் வழியாக விட்டாள். திருகைத் திருப்பத் திருப்பக் கம்பளியால் மூடியதுபோல் சத்தம் மழுங்கியது. அடுத்து அம்ப்ளிஃபயர் வழியாக விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இந்த அமைதிக்குத்தான் நடுங்கினாள். இப்போது காரணம் தெரிந்தது. அம்ப்ளிஃபயர் ஒரு கதவு, அது மூடியிருக்கிறது, திறக்கும்படி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. அந்த உத்தரவைக் கொடுப்பதுதான் என்வலப்பின் வேலை; கடித உறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டைகளிலிருந்து என்வலப்புக்கு ஒரு வயர், என்வலப்பிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு ஒன்று. கட்டையை அழுத்தினாள். கதவு திறந்து சத்தம் வந்தது. விரலை எடுத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. ஆனால் எல்லாக் கட்டையிலும் ஒரே சுருதி. கட்டைகளிலிருந்து ஒசிலேட்டருக்கு இன்னொரு வயர் போனதும் சுருதிகள் பிரிந்தன. ஏழாவது வயர் நாதத்துக்குச் சின்ன நடுக்கம் கொடுப்பது. அதையும் சொருகினாள். சாமியாரின் புல்லாங்குழல் திரும்பி வந்துவிட்டது.

யாரும் சொல்லித்தராமல் ஒரு விஷயத்தை அடியிலிருந்து நுனிவரை விளங்கிக்கொள்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷம் வந்திருக்கவேண்டிய இடத்தில் முகம் எரிந்தது. பெட்டியில் பழுது இல்லை. பழுது என்று ஒன்று இருந்தால் அது கட்டையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வாசலில் கைதட்டும் சத்தம். மரியரட்ணம்.

"அடடே! ரிப்பேரே பண்ணிட்டீங்களே டீச்சர்! சாமி வந்தா அசந்துபோயிருவாரு!"

அப்போதும் அவள் சொல்லவில்லை. "ம்" என்றாள். வீட்டுக்கு வந்து சாவியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அடுத்த காம்பராவில் தெரேசா அடுப்பு ஊதுவது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. அந்த வாரம் முழுக்கப் பெற்றீசியா பின்பக்கமாகவே போய் வந்தாள்.

சனிக்கிழமை சாமியார் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியரட்ணம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். விவரம் இல்லாதவர்கள் கைவைத்துக் கெடுத்த மெசினை நம் தோட்டத்துப் பிள்ளை சொந்த மூளையால் சரிசெய்துவிட்டது என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றீசியாவின் கண் கடைசிப் பெஞ்சுக்குப் போனது. தெரேசா குனிந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சாவி இருந்த அதே நுனி.

பெற்றீசியா எழுந்தாள். பெட்டிக்கு முன்னால் போய் ஏழு வயரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். முன்பெஞ்சில் ஒருவர் "ஐயோ" என்றார்.

"தெரேசாக்கா செஞ்சது இவ்வளவுதான்" என்றாள். "இதனால எதுவும் ஒடையாது. ஒடையவும் இல்ல. திரும்பச் சொருக எனக்குத்தான் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு அவங்க மேல போட்டேன்."

அவள் குனிந்து வயர்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகினாள். ஏழாவதைச் சொருகிவிட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் வந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

"அன்னிக்கு விளங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிள்ள. நான் திரும்பச் சொல்லியிருப்பேன்" என்றார் சாமியார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மரியரட்ணம் யாரையும் பார்க்காமல் குடையைத் தேடிக்கொண்டு போனார். பெற்றீசியா கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு நடந்தாள். தெரேசா உடனே கை நீட்டவில்லை.

"புடுங்கறப்ப எது எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு பாத்துதான் புடுங்கினேன். எடத்து வாரியாத்தான் அடுக்கி வச்சேன்" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே நானே சொருகியிருப்பேன். யாரு கேட்டீங்க?"

ஏழு வளையங்கள் வரிசையாக இருந்தது பெற்றீசியாவின் கண்முன் வந்தது. அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

தெரேசா சாவியை வாங்கினாள். முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

றோலண்ட் சாமியார் 1984இல் மாற்றலாகிப் போனபோது பெட்டியும் அவரோடு போனது. அதுவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் தெரேசா வயர்களைக் கழற்றித் துடைத்து வரிசையாக வைப்பாள்; பெற்றீசியா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிச் சொருகுவாள். தந்தியோடு வருகிறவர்களிடம், விளங்காத சொல் இருந்தால் அதன்பிறகு "இந்தச் சொல்லு எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வாள். ஒவ்வொரு முறையும் காது சிவக்கும். தெரேசா அவளோடு நன்றாகத்தான் இருந்தாள். காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள், பள்ளிக்கூடத்தில் என்ன புதினம் என்று கேட்பாள். பாப்பா என்று மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை.