அவன் பக்கத்து நியாயம்

பார்வையற்றவர்களுக்கான நூலகத்தில் நாவல்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். குழந்தை, கிழவர், கொலைகாரன் எல்லாரும் அவள் தொண்டையிலிருந்துதான் வரவேண்டும். "வீட்டுல மட்டும் ஒரே குரல்தான்" என்பார் கணவர்.

அந்த வருடம் ஒரு புது நாவல் வந்தது. அதில் ஒரு மகன், படுத்த படுக்கையான அப்பாவை அக்கா தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். ஒரு அத்தியாயம் முழுக்க அவன் வாதம்தான்: பயந்து செய்யும் பணிவிடை அன்பாகுமா? ஊர் மெச்சச் செய்வது அறமா? அதை அவள் கடனே என்று வாசித்து முடித்தாள். அவள் தம்பியும் அம்மாவை விட்டு இப்படித்தான் போனான். அம்மா இறந்தபிறகு அவனோடு பேச்சே இல்லை.

பதிவைக் கேட்ட நேயர் ஒருவர், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர், போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் பையன் பேசுற இடத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஏன் சார், தப்பா வாசிச்சுட்டேனா?"

"தப்பில்ல. ஆனா தீர்ப்பை எழுதி வெச்சுட்டு வாசிச்ச மாதிரி இருந்துது. அவனைத் திட்டணுமா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒலிப்பதிவாளரிடம் சொல்லி அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தாள். இந்த முறை அந்த மகனுக்காக மனசாரப் பேசினாள். அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகக்கூடப் பட்டது. தம்பிமேல் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஏன்டா போன?"

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சாக்கா?"

"சொல்லு. நடுவுல பேச மாட்டேன்."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மாவைப் பாக்கும்போதெல்லாம் சீக்கிரம் போய்ச் சேந்துடட்டும்னு தோணும். அப்படி நெனச்சுக்கிட்டே எப்படிக்கா ஊட்டுறது?"

அவள் சொன்ன வாக்கை மீறினாள். "எனக்கும் தோணுச்சுடா. தினம் தோணுச்சு. ஆனாலும் ஊட்டினேன்."

இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"நீ பண்ணது தப்புதான்" என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை வா."

வந்தான். சாப்பாட்டின் நடுவே வாக்குவாதம் முற்றியது. கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரமும் வரவா?" என்றான்.

"வா. நான் இன்னும் பேசி முடிக்கல."