குழலுக்குள் வெளிச்சம்

துப்பாக்கியின் கழுத்தில் இருக்கும் சிறிய நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒதுக்கினால் இரண்டு குழல்களும் முன்பக்கம் மடங்கித் தொங்கும். அப்படியே அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பின்பக்கமிருந்து உள்ளே பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வட்டமான வெளிச்சங்கள் தெரியும். உட்சுவரில் தூசி இல்லாவிட்டால் அந்த வட்டங்களைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி ஓடும். என் அக்காவின் கணவர், நான் அத்திம்பேர் என்று அழைத்தவர், தன் துப்பாக்கியை யார் கையில் கொடுத்தாலும் முதலில் இப்படிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணும் தெறந்திருக்கு, பிடியுங்கோ" என்று சொல்லி நீட்டுவார். அதைச் சொல்லாமல் அவர் துப்பாக்கியைக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான்.

அவருக்கு அரண்மனைக் கட்டட இலாகாவில் உத்தியோகம். தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் மாடி வைத்த வீடு. பெண்கள் பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை கிடைத்தபோது, தனியாக எங்கே இருப்பாய் என்று அக்கா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். நான் போய்ச் சேர்ந்த வருஷம்தான், சீமைக்குத் திரும்பிப் போன காப்பித் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை அத்திம்பேர் வாங்கிவந்தார். உறவுக்காரர்கள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. மேல்கோட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ஐயங்கார் வீட்டில் இது எதற்கு என்று நேராகவே கேட்டார். "நான் ஒரு காக்காயைக்கூடச் சுடப்போறதில்லை. சாமான் அழகா இருக்கு, வெச்சிண்டிருக்கேன்" என்று அத்திம்பேர் சிரித்தார். சொன்னபடியே இருந்தார். எறும்பு வரிசையைத் தாண்டிக் கால் வைக்கிறவர் அவர்.

அழகாகத்தான் இருந்தது, அதை நானே சொல்ல வேண்டும். முதலில் மூக்கைச் சுளித்தவள் நான். பிறகு பரீட்சைத் தாள் திருத்துவதை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். விசைக்கு மேலே இருந்த இரும்புத் தகட்டில், இலையும் கொடியுமாக, மயிரிழை நுணுக்கத்தில் செதுக்கியிருந்தார்கள். வால்நட் கட்டையில் கருப்பும் தேன் நிறமுமாக ரேகைகள் ஓடின. மடக்கிய குழலை நிமிர்த்தி மூடும்போது சத்தம் என்று ஒன்று கேட்காது, ஒரு நல்ல பெட்டி தானாக மூடிக்கொள்வது போல இருக்கும். கீல் இருக்கும் இடத்தை ஒரு விரலின் மேல் வைத்தால் மொத்தத் துப்பாக்கியும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் நிற்கும். பர்மிங்ஹாமில் யாரோ ஒரு தொழிலாளி ஐம்பது வருஷத்துக்கு முன்பு உளியைப் பிடித்திருந்த கை இங்கே தெரிகிறது என்று அத்திம்பேர் பரவசப்படுவார். அக்காவுக்கு அது வெறும் சனியன்.

அத்திம்பேருக்கு இதில் சரிஜோடி ஒருவர் இருந்தார். மண்டி மொஹல்லாவில் குடியிருந்த சர்க்கார் மாட்டு டாக்டர். கொள்ளேகாலத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம், தமிழர். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவுக்குள் இடது கையை முழங்கைவரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கன்றைத் திருப்பி வெளியே எடுப்பதில் அவருக்கு ஊரெல்லாம் பெயர். அவரிடமும் ஒரு பழைய இரட்டைக் குழல் இருந்தது, இதைவிடச் சன்னமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் இரண்டு துப்பாக்கிகளையும் ஜமக்காளத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. "இந்தக் கட்டையத் தொட்டுப் பாருங்க அம்மணி, எளங்கன்னுக்குட்டி முதுகாட்ட இருக்குது" என்று என்னையும் கூப்பிடுவார். துப்பாக்கிகள் அவர் கையிலிருந்து அத்திம்பேர் கைக்கும், அங்கிருந்து என் கைக்கும் தாராளமாகப் போய்வந்தன. காப்பி அப்படிப் போகவில்லை. எங்களுக்கு வெள்ளி டம்ளர், டாக்டருக்கு மட்டும் கண்ணாடி டம்ளர். அதை அக்கா தனியாகக் கழுவிக் கொல்லைப்புறத்து மாடத்தில் கவிழ்த்து வைப்பாள். டாக்டருக்கு அது தெரியும். தெரிந்தும் அத்திம்பேரை "சாமி" என்றுதான் அழைத்தார். எனக்குக் கோபம் வரும். வந்து என்ன, நானும் அந்தக் கண்ணாடி டம்ளரில்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எதையும் கொல்லக் கூடாது, ஆனால் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கவும் வேண்டும். அதற்கு அத்திம்பேர் கண்டுபிடித்த வழி அகல் விளக்கு. ஊரை ஒட்டிய மலைக்குப் பின்புறம் தண்ணீர் வற்றிய ஏரி ஒன்று இருந்தது. கரைக்கு மறுபுறம் நின்று ஜட்கா வண்டிக்காரர் மண் அகல்களை ஒவ்வொன்றாக வானத்தில் வீச, இவர்கள் சுட்டு உடைப்பார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் தோட்டா போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். இவர் துப்பாக்கியில் அவர் சுடுவார், அவர் துப்பாக்கியில் இவர். அவரவர் துப்பாக்கிக்கு அவரவரே பொறுப்பு. சொந்தக்காரர் குழலுக்குள் பார்த்து, தோட்டாவை இட்டு, மூடிக் கொடுப்பார். வாங்கியவர் அதைத் திரும்பத் திறந்து பார்க்க மாட்டார். அப்படிப் பார்த்தால் கொடுத்தவரை நம்பவில்லை என்று ஆகும். சாப்பாடு போட்டவர் எதிரில் இலையை முகர்ந்து பார்க்கிற மாதிரி.

யுத்தம் வந்ததும் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. ஊரைவிட்டுப் போகிற துரைகளிடம் மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். குழலின் அளவில் அத்திம்பேரின் துப்பாக்கி பன்னிரண்டு 'போர்', டாக்டருடையது இருபது 'போர்'. எண் ஏறினால் குழல் சிறுக்கும், தோட்டாவும் மெலியும். முன்பெல்லாம் தனித்தனிப் பையில் வைத்திருந்தவர்கள் இப்போது எல்லாவற்றையும் ஒரே கான்வாஸ் பையில் கொட்டிக்கொண்டு போனார்கள். சாயம் வெளுத்த காகிதத் தோட்டாக்கள், பார்வைக்கு ஒரே நிறம். தடவிப் பார்த்தால் தெரியும் என்று அத்திம்பேர் சொல்வார்.

கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிறு. வீடு வீடாகச் சேர்த்த அகல்கள் ஒரு கூடை நிறைய இருந்தன. நானும் புளியோதரை கட்டிக்கொண்டு அவர்களோடு போயிருந்தேன். வெயில் சாய்ந்து, கடைசி அகல்கள் நாலைந்து பாக்கி. குதிரை பொறுமை இழந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. டாக்டரின் முறை, கையில் அத்திம்பேரின் துப்பாக்கி. புளியமரத்தடியில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவர் விசையை இழுத்தார். 'டக்' என்று மட்டும் கேட்டது. அகல் முழுசாகத் தரையில் விழுந்தது. துப்பாக்கியைத் திருப்பி வாங்கி அத்திம்பேர் மடக்கினார். வலது குழலின் பின்வாய் காலியாக இருந்தது. "அட, போடவே மறந்துட்டேன் பாருங்கோ! வயசாறது டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டு ஒரு தோட்டாவை எடுத்து இட்டார், மூடினார், கொடுத்தார்.

மறக்கவில்லை. முதலில் அவர் போட்டது டாக்டரின் மெலிந்த தோட்டா. பெரிய குழலில் அது நழுவி, விரல் நீளம் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. வாயில் பார்த்தால் காலி. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒரு கண் மூடியிருப்பது தெரிந்திருக்கும். அதன் பின்னால் இரண்டாவது தோட்டா சரியாகப் போய் உட்கார்ந்தது.

வெடித்தது. வலது குழல், டாக்டரின் இடது கை தாங்கிப் பிடித்திருந்த இடத்தில், வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துகொண்டது. அவர் தன் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "சாமி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார். புளியோதரை கட்டிவந்த துணியை உதறி அந்தக் கையைச் சுற்றினேன். எதைச் சுற்றுகிறேன் என்று பார்க்காமல் சுற்றினேன். அத்திம்பேர் துப்பாக்கியின் பக்கத்தில் குந்தியிருந்தார். கிழிந்த இரும்புக்கு நடுவே சின்னத் தோட்டாவின் பித்தளை வளையம் மினுங்கியது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கஞ்சியோடு நின்றிருந்தேன், அத்திம்பேர் கட்டிலின் தலைமாட்டில். தோட்டா போட்டது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அத்திம்பேரின் வாய் திறந்தது. அதற்குள் டாக்டர், "நானேதானுங்க போட்டேன். அவசரத்துல என் தோட்டாவப் போட்டுட்டேனுங்க" என்றார். அத்திம்பேரின் வாய் மூடிக்கொண்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அத்திம்பேரின் லைசென்ஸ் போயிருக்கும், ஒருவேளை உத்தியோகமும் போயிருக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாய் மூடிக்கொண்டதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

ஒரு கையோடு மாட்டுக்கு என்ன வைத்தியம் செய்ய முடியும்? இலாகாவில் அவரை ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த மாரியில் மண்டி மொஹல்லாப் பால்காரர் ஒருவரின் பசு, கன்று திரும்பாமல் இரண்டு நாள் கத்திச் செத்தது. கொட்டிலுக்கு வெளியே நின்று டாக்டர் அழுததாக வண்டிக்காரர் வந்து சொன்னார். அத்திம்பேர் கேட்டுக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அதே ஜமக்காளம். விசாரணை முடிந்து திரும்பி வந்த துப்பாக்கியை அத்திம்பேர் வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார், கிழிந்த குழலையும் சேர்த்து. "அந்தச் சனியனைக் கெணத்துல போடுங்கோ, சாகு, போதும்!" என்று அக்கா கன்னடத்தையும் கலந்து கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. இருவரும் யுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள், அரிசி விலையைப் பற்றிப் பேசினார்கள், அந்த மாலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் உள்ளறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருப்பேன். 'நான் பார்க்காமல் கொடுத்துவிட்டேன் டாக்டர்.' அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு வாரத்துக்கு ஒரு மத்தியானம் கிடைத்தது.

கை போன பிறகு டாக்டருக்கு வெள்ளி டம்ளர் வந்தது. அக்கா கண்ணாடி டம்ளரை எடுத்து எங்கோ போட்டுவிட்டாள். ஆனால் டபராவும் டம்ளருமாக ஆற்றிக் குடிக்க இரண்டு கை வேண்டும். டாக்டர் எதிரில் வைத்த காப்பியைப் பார்த்துக்கொண்டு, அது தானாக ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். ஏடு படிந்த பிறகு எடுத்துக் குடிப்பார். ஆற்றித் தருகிறேன் என்று நான் ஒரு முறை கை நீட்டினேன். "இருக்கட்டுங்க அம்மணி, அவசரமில்லீங்க" என்றார். அத்திம்பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அத்திம்பேர் ஆபீஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், போய்விட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு டாக்டர் வந்தார். அக்கா துப்பாக்கிப் பெட்டியைக் காலால் தள்ளாத குறையாக அவர் முன்னால் நகர்த்தி, "நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் அதை மடக்க வரவில்லை. "கொஞ்சம் தொறந்து வெளிச்சத்துக்கு நேராப் புடிங்க அம்மணி" என்றார். பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அவர் ஒரு நாளாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம் டாக்டர்" என்றேன்.

"என்னத்தச் சொல்றதுங்க? அவுரு பாக்கலீங்கறது எனக்கு அப்பவே தெரியுமுங்க. எப்பவும் சொல்ற அந்தப் பேச்சச் சொல்லவே இல்லீங்களே. 'ரெண்டு கண்ணும் தெறந்திருக்கு'ன்னு. நான் நின்னு யோசிச்சேனுங்க. நெம்புகோலத் தள்ளி ஒரு பார்வ பாத்துரலாம்னு வெரலு போச்சுங்க. சாமி குடுத்தத நாந் தொறந்து பாக்கறதா? அவுரு மனசு என்ன ஆவும்? வெரல எடுத்துட்டேனுங்க."

கிழிந்த குழலை விரலால் தடவிக்கொண்டே, "அதச் சொல்லத்தானுங்க வாராவாரம் வந்தேன்" என்றார். "நாஞ் சொல்லியிருந்தா அவுரும் சொல்லியிருப்பாரு. அவுரு முகத்தப் பாத்தா வாய் வரலீங்க."

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. துப்பாக்கியை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவும் இல்லை.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. இனி இது சுடுவதற்கு உதவாது என்று சர்க்காரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழைய துப்பாக்கிகளில் பிரியம் உள்ளவர்கள் எப்படியோ கேள்விப்பட்டு வருகிறார்கள். வக்கீல்கள் வருகிறார்கள், காப்பித் தோட்ட முதலாளிகள் வருகிறார்கள். தகட்டில் இருக்கும் இலை வேலையைப் பார்த்து மூச்சை இழுக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிகிறது, நானும் அதே ஜமக்காளத்தில் உட்கார்ந்தவள்தான். பெட்டியைத் திறந்து, நெம்புகோலை ஒதுக்கி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன். இடது குழலில் முழு வட்டமாக வெளிச்சம். வலது குழலில் கிழிசல் வழியே பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சம். பார்த்துவிட்டு, வந்தவரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலும் பார்க்கிறார்கள். சிலர் மட்டும், வயதான அம்மாள் என்கிற மரியாதையில், "நீங்கள் பார்த்தால் போதாதா, எனக்கு எதற்கு" என்று புன்னகையோடு கையை நீட்டுகிறார்கள். அவர்களிடம் நான் துப்பாக்கியைக் கொடுப்பதில்லை.