காலால் பிறந்தவள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், சித்திரை மாதம். தல்லாகுளத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் பழைய காகிதக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் ஏதோ நழுவியது. விளாங்குடியிலிருந்த வீட்டுக்கு வண்டியில் படுத்துக்கொண்டுதான் போனேன்.

வலி இடுப்போடு நிற்கவில்லை. பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக இறங்கி, வலது கால் பெருவிரல் வரை சூடு இழுத்தது போல ஓடியது. தும்மினால் உயிர் போயிற்று. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே மரத்துவிட்டது. அப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! வெறும் பிடிப்பு என்று நானே முடிவு கட்டினேன்.

என் மனைவி காலால் பிறந்தவள். அப்படித் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. தெருவில் பாதிப் பேர் அதற்காக அவளைத் தேடி வருவார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் என்னை மிதிக்க மறுத்தாள்.

"புருசன் மேல கால வைக்கவா? பாவங்க, வேணாம்."

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற. நான் மட்டும் கெடந்து சாகணுமா?" என்று கத்தினேன்.

குப்புறப் படுத்தேன். மூன்று முறை மிதித்தாள். இறங்கியதும் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் காலை எழுந்து நின்றால் வலது பாதம் தொங்கியது. செருப்பு தானாகக் கழன்று விழுந்தது.

"என் கால ஒடிச்சுப்புட்டியேடி" என்றேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் குண்டூசியால் காலில் குத்திப் பார்த்தார். மிதித்த கதையையும் கேட்டுக்கொண்டார். முதுகெலும்புக்கு இடையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, காகிதக் கட்டைத் தூக்கிய அன்றே அது நடந்துவிட்டது, மிதிக்காமல் இருந்திருந்தாலும் பாதம் விழுந்திருக்கும் என்றார். மூன்று மாதம் பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார். வராந்தாவில் நின்றிருந்தவளிடம் பலகையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மற்றதை ஏன் சொல்லவில்லை? கோபம்தான். பழி போட ஓர் ஆள் இருந்தால் படுத்துக்கிடப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அந்த மூன்று மாதமும் என் மலமூத்திரத்தை எடுத்துக் கொட்டியவள் அவள்தான். எனக்கு வெட்கமாக இல்லை, அப்போது.

ஆடியில் அவளுடைய அப்பா நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆத்தா, வலி தாங்கல. ஒரு மிதி மிதிச்சுவிடு."

"இந்தக் கால் வேணாம்யா. வெளங்காத காலு" என்று உள்ளே போய்விட்டாள்.

பலகையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, வந்தபடியே கூனிக்கொண்டு போனார்.

எனக்குக் கால் திரும்பியது. முதலில் பெருவிரல் ஒரு நெல்லளவு அசைந்தது. தீபாவளிக்குச் செருப்பு கழலாமல் நடந்தேன். மார்கழியில் அவளுடைய அப்பா இறந்துபோனார்.

பொங்கல் கழித்து ஒரு நாள், அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முறம் நின்றது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "மிதிச்சாத் தீருதோ தீரலையோ, கேட்டு வந்த எங்கய்யாவத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்."