மெஷின் எழுதியது என்றார்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. என் பிஎச்.டி.க்கு நெறியாளராக இருந்த பேராசிரியரைத்தான் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர்தான் துறைத் தலைவர். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி, வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, வீடு வீடாகப் பேசி, முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார்.

"இது ஏஐ எழுதினது. உன்னால இப்படி எழுத முடியாதும்மா. உன் ரேஞ்ச் எனக்குத் தெரியாதா?"

நான் தையல்காரியின் மகள். ரேஞ்ச் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நெறியாளருக்கு லீவ் லெட்டர் முதல் மகன் கல்யாணத்துக்கு வரவேற்புரை வரை ஸ்காலர்தான் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் துறையில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அப்போதெல்லாம் என் எழுத்து அவருக்கு இனித்தது. என் பெயர் போட்டு வந்ததும் அதை மெஷின் எழுதிவிட்டதாம். அத்தியாயத்தை ஓரமாகத் தூக்கிப் போட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் என் பட்டம் ஓர் அடி நகராது.

சில மாதம் கழித்து ஓர் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது. வாங்கிப் படித்தேன். எல்லாம் என் அத்தியாயம். 'ஏரிக்கரையில் வசிக்கும் ஒரு பெண்மணி என்னிடம் கூறினார்' என்று போட்டு, கீழே அந்தப் பேச்சை அப்படியே இறக்கியிருந்தார்: "நாங்க ஏரிக்குப் போவல. ஏரிதான் எங்க வூட்டைத் தேடிக்கினு வந்துச்சு. காபி போடுன்னு கேக்கல, அவ்ளோதான்."

அந்தப் பெண்மணி என் அம்மா. ஆராய்ச்சியில் பேசியவர்களின் பெயரைப் போடக் கூடாது என்பதால் நான் 'ஒரு பெண்' என்று மட்டும் எழுதியிருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யார்டி இந்த ஆளு? நான் எப்போ இவனாண்ட பேசினேன்?"

இவரை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் வெறும் வாயால் புகார் சொன்னால் மெஷின் கதையையே திரும்பச் சொல்வார். காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், மாணவர்கள் ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் பயன்படுத்த ஓர் ஏஐ உதவியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பிரின்சிபாலிடமிருந்து உத்தரவு வந்தது. வழக்கப்படி சார் அந்த வேலையை என் தலையில் கட்டினார். மூன்றை வாங்கிப் பார்த்தேன். முதலாவது வாய் ஓயாமல் புகழும். நூல் பட்டியல் கேட்டால் உலகத்தில் இல்லாத புத்தகங்களை எல்லாம் அடுக்கும். சார் தன் பெயரைத் தட்டிப் பார்த்தபோது அவரை மாபெரும் அறிஞர் என்றது, மனுஷர் அதிலேயே விழுந்துவிட்டார். இரண்டாவது, மாணவரை உட்காரவைத்துவிட்டுத் தானே முழுக் கட்டுரையையும் எழுதிவிடும். மூன்றாவதற்கு இனிக்கப் பேச வராது. நாம் கொடுத்த தாள்களிலிருந்து மட்டும் பதில் சொல்லும். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அது யாருடைய எழுத்து என்று காட்டும், இல்லாததை இல்லை என்று சொல்லும்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. மாணவர்களுக்கு அதுதான் நல்லது. எனக்கும் அதுதான் நல்லது.

சோதித்துப் பார்க்கத் துறையில் எல்லோருடைய எழுத்தையும் அதில் ஏற்ற வேண்டும். சார் தானாகவே பென் டிரைவை நீட்டினார். "என் புது ஆர்ட்டிகிளையும் ஏத்திடும்மா. பிரின்சிபால் மேடம் பாக்கட்டும்."

"கண்டிப்பா சார்."

அவர் தூக்கிப் போட்ட என் அத்தியாயத்தையும் சேர்த்து ஏற்றினேன். அன்று தாம்பரம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அக்கா நகர்ந்து உட்கார்ந்தார்.

செயல்விளக்க நாள். பிரின்சிபால் மேடம் முன்வரிசையில். மூன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: வெள்ளத்தைப் பற்றி ஏரிக்கரை மக்கள் என்ன சொன்னார்கள்? மூன்றாவதன் முறை வந்தபோது திரையில் அம்மாவின் காபிப் பேச்சு வந்தது. அதன் கீழே இரண்டு இடம் காட்டியது. ஒன்று சாரின் கட்டுரை, மற்றொன்று என் அத்தியாயம்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அம்மா ஒரே வார்த்தையைச் சொன்னாங்களா?"

"இந்தப் பொண்ணு என் ஆர்ட்டிகிள்லேர்ந்து எடுத்திருக்கு மேடம்," என்றார் சார். "ஏற்கனவே ஏஐ வச்சு எழுதுற பொண்ணு."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். "அந்த அம்மாகிட்ட நேர்ல பேசினீங்களா சார்?"

"பேசாம எழுதுவேனா? அவங்க வீட்டுக்கே போய் உக்காந்து பேசினேன்."

"அவங்க எங்கம்மா சார்."

அம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். தையல் மெஷின் சத்தம் முதலில் கேட்டது.

"அம்மா, எங்க துறைத் தலைவர் நம்ம வீட்டுக்கு வந்து உன்கிட்ட பேசினாரா?"

"இன்னா கேக்கற? அவரு கருப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது. லைனிங் துணி வாங்கிட்டு வா, மறந்துடாத."

போனை வைத்தேன். சாரின் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பார்க்கத்தானே இத்தனை பாடு.

மேடம் மூன்றாவதையே தேர்ந்தெடுத்தார். எனக்கு வேறு நெறியாளர் கொடுத்தார். என் அத்தியாயம் என் பெயரிலேயே ஏற்கப்பட்டது. சாரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

மறுநாள் காலை வராந்தாவில் சார் என்னைக் கூப்பிட்டார். பழக்கதோஷம். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"அந்த எக்ஸ்பிளனேஷன் லெட்டரைக் கொஞ்சம் டிராஃப்ட் பண்ணிக் குடும்மா. உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

"நான் எங்க சார் எழுதினேன்," என்றேன். "மெஷின்கிட்ட கேளுங்க."