நெட்டாவும் கோபுரப் படிகளும்

கேலஷீல்ஸ் ஊரில் நெட்டா பிரிங்கிள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன கோடையில் பக்கவாதம் வந்து அவளுடைய வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும், மகன் ஃபெர்கஸ், பக்கத்து ஊரான கெல்சோவில் வயதானவர்களுக்கென்றே கட்டிய தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டான். நல்ல பிள்ளைதான். ஆனால் நல்ல பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவர்களிடமிருந்து தப்பிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு ஊர்ப் பிள்ளைகளையே அதட்டி முட்டைகோஸ் தின்ன வைத்தவள், தன் ஒரே பிள்ளையிடம் பேரம் பேச வேண்டியதாயிற்று.

"குளிர்காலம் முடியறவரைக்கும் டைம் குடு. ஒரு கோட்டைக் கோபுரத்துல யார் கையையும் பிடிக்காம ஏறி இறங்கிக் காட்டறேன். முடியலன்னா நீ சொன்ன வீட்டுக்கே வந்துடறேன்."

ஃபெர்கஸ் சரி என்றான். அம்மாவால் முடியாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

கோட்டை எதற்கு, வீட்டுப் படி போதாதா என்று கேட்கலாம். வீட்டுப் படியில் அவள் கால் வைத்தால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது. ஐயோ பாவம் நெட்டா, மெதுவா நெட்டா. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதனால்தான் குளிர்காலச் சலுகைச் சீட்டு வாங்கினாள். பாதி விலைக்கு, வசந்தம் வரும்வரை எந்தக் கோட்டைக்கும் மடாலயத்துக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். கூரை போய் நானூறு வருஷமான மடாலயத்தில் ஆலங்கட்டி மழையில் நிற்க, புத்தி தெளிந்தவர்கள் யார் வருவார்கள்? நெட்டாவுக்கு வேண்டியதும் அதுதான். ஆளில்லாத படிகள்.

மெல்ரோஸ், ஜெட்பரா என்று பஸ் பிடித்துப் போய், மடாலயங்களின் சின்னப் படிகளில் காலைப் பழக்கினாள். ஜனவரியில் கிரெய்க்லா கோட்டைக் கோபுரத்துக்கு வந்தாள். சுழல் படி. ஏறும்போது சுவரோரக் கயிறு இடது பக்கம் வந்தது. நல்ல கையால் பிடித்து உச்சிக்கே போய்விட்டாள். இறங்கத் திரும்பினால் அதே கயிறு வலது பக்கம். அந்தக் கை பிடிக்காது. நடுத்தூண் பக்கமோ படி விரலகலம்தான்.

வாசலில் சீட்டுக் கொடுக்கும் வாட்டி என்பவன் வந்துதான் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, பாவாடை நனைய நனைய இறங்கினாள். ஏறத்தான் சீட்டு, இறங்க நான் தனியாக வசூல் செய்ய வேண்டும் போல என்று அவன் கிண்டலடித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு ஜன்னலைத் துடைக்க வந்தவன் ஏணியிலிருந்து இறங்குவதைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போயிற்று. ஏணியில் யாராவது தெருவைப் பார்த்தபடி இறங்குவார்களா? மறுநாளே கிரெய்க்லா போனாள். அதற்கப்புறம் பனி கொட்டினாலும் போனாள். நீ வருகிறாய் என்பதற்காகத்தான் ஹீட்டரையே போடுகிறேன் என்றான் வாட்டி.

பிப்ரவரி கடைசியில் ஃபெர்கஸும் கிரெய்க்லாவுக்கு வந்தான். ஏறினார்கள். உச்சியில் காற்று காதை அறுத்தது. நெட்டா படிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றை இடது கையால் பற்றி, நல்ல காலை ஊன்றிக்கொண்டு வலது காலைக் கீழ்ப்படிக்கு இறக்கினாள்.

"இதாம்மா இறங்கறது?"

"இறங்கணும்னுதானே பேச்சு. எந்தப் பக்கம் பார்த்துன்னு நீ சொல்லவே இல்லியே."

அவள் பின்பக்கமாக இறங்க, அவன் முன்பக்கமாகத் தொடர்ந்தான். அம்மாவும் பிள்ளையும் எதிரெதிரே. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளோடு பேசும்போதெல்லாம் அவன் கெட்டிலைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அவள் வாயை மட்டும் பார்க்க மாட்டான். அந்தக் குறுகல் படியில் பார்ப்பதற்கு வேறு எதுவுமே இல்லை.

பாதியில் அவள் கால் வழுக்கியது. கயிறு முறுகியது. அவன் கை தானாக நீண்டது.

"தொட்டியோ, கெல்சோ வீட்டுக்கு நீதான் குடி போகணும்."

கையை இழுத்துக்கொண்டான். அவள் மூச்சு வாங்கி, காலைத் தேடி வைத்து, மறுபடி இறங்கினாள். அவள் கால் தரையைத் தொட்டது. ஃபெர்கஸ் கடைசிப் படியிலேயே நின்று தன் பூட்ஸைப் பார்த்தான்.

"அந்த வீடு வேணாம்னு சொல்லிடறேன்."

"யார்கிட்ட சொல்றே? பூட்ஸ்கிட்டயா?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஆனால் இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை.

"உன்கிட்டதாம்மா சொல்றேன்."