நான்கு விரல் இடைவெளி

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களுக்கு விளக்குகள் ஏற்றிப்போகும் தணிகாசலம், இருபது வருடமாகக் கண்ணாடியே பார்க்காமல் தன் சந்துக்குள் பிக்கப்பைத் திருப்பிவந்தவர். பக்கத்து வீட்டு மீராவை எல்லோரும் வங்காள வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கீழே ஊன்றியிருக்கும் காலுக்கும் சக்கரத்துக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கும். அந்த அளவு அவர் கைக்கே பழகிவிட்டது.

துர்கா பூஜைக்கு முன், வண்டி எடுப்பாக இருக்கட்டுமென்று, வெளியே துருத்தி நிற்கும் வீலும் அகல டயரும் மாட்டினார். கைக்கு அது தெரியவில்லை. அன்று மாலையே, படியில் உட்கார்ந்திருந்த பௌதியின் செருப்பு டயருக்கடியில் நசுங்கியது. கால் மயிரிழையில் தப்பியது.

"யாருக்குக் காட்ட இந்த ஷோக்கு? பழசையே மாட்டிருங்க," என்றாள் மனைவி. மறுநாளே மாட்டிவிட்டார்.

பௌதி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றும் சிரித்துத்தான் பேசுகிறார். ஆனால் வண்டி சந்துக்குள் திரும்பியதும், இரண்டு கால்களையும் தூக்கிப் படிமேல் வைத்துக்கொள்கிறார்.