மீட்டர் அக்கா படகேறிய நாள்

கடைத்தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீட்டர் அக்கா என்றால் சின்னக் குழந்தைகூடக் கை நீட்டிக் கடையைக் காட்டும். ஆட்டோ, வேன், டிராக்டர் என்று எது வந்து நின்றாலும், "பேட்டரி போச்சுக்கா, புதுசு மாத்திடுங்க" என்று வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் வோல்ட் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளும் அவள் கையில் இருக்கும்.

"போச்சா இல்லையான்னு இது சொல்லட்டும். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

டீ குடித்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய பேட்டரியோடேயே கிளம்பிப் போவார்கள்.

ஒன்பது வருஷம் மின்விசிறித் தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றியவள் அவள். தொழிற்சாலையை மூடிய அன்று, பூட்டிய கேட்டுக்கு முன்னால் மற்றப் பெண்களோடு சேர்ந்து அவளும் அழுதாள். மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு பேட்டரிக் கடைக்குப் போய், "சார்ஜ் போடுற வேலைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டாள். அங்கே ஆறு வருஷம். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத புடவை ஒன்றுகூட அப்போது அவளிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் சொந்தக் கடை. ஒரு கட்டிலைப் போட்டால் மறு கட்டிலுக்கு இடமிருக்காது, அவ்வளவுதான் அகலம்.

அவள் கணவர் பயணிகள் படகின் டிரைவர். காலை ஆறு மணி முதல் இருட்டும்வரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வரும் நான்கு படகுகளில் அவருடையதுதான் மூத்தது. படகுத்துறைக்கும் கடைக்கும் பத்து நிமிட நடை. ஆனாலும் படகில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

"துறையில எல்லாரும் வாயில போட்டு மென்னுடுவாங்க. சொந்தமா ஒண்ணும் தெரியாம பொண்டாட்டிய இழுத்துட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்க" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். சரி, கூப்பிடாத இடத்துக்கு நான் ஏன் போகணும் என்று அவளும் விட்டுவிட்டாள். வீம்பில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

அந்த மாதம் படகு படுத்த ஆரம்பித்தது. மாலையில் நன்றாக ஓடிக் கட்டிய படகு, காலையில் ஸ்டார்ட் ஆகாது. பக்கத்துப் படகிலிருந்து பேட்டரியைக் கடன் வாங்கிக் கிளப்ப வேண்டும். படகு முதலாளி பேட்டரியை மாற்றினார். நான்கு நாளில் அதுவும் படுத்துக்கொண்டது. துறையிலிருந்த மெக்கானிக், என்ஜின் சுழலும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற ஆல்டர்நேட்டர்தான் கெட்டுவிட்டது என்றார். அதையும் மாற்றினார்கள். மூன்று நாள். மறுபடியும் அதே கதை.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கணவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் ரசத்தை ஊற்றுவாள். நாக்கு நுனிவரை நூறு கேள்விகள் வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பன்னிரண்டாவது நாள் காலை எட்டரை மணிக்கு அவரே கடை வாசலில் வந்து நின்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அம்பது பேர ஏத்தி உக்கார வச்சாச்சு. சாவியத் திருப்புனா முனகக்கூட இல்ல. எல்லாரையும் இறக்கி அடுத்த படகுல ஏத்துனோம். ஒரு கிழவர் எறங்கும்போது, 'நீந்திப் போயிருந்தா இந்நேரம் அக்கரையில காப்பி குடிச்சிருப்பேன்'னுட்டுப் போறார்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மெக்கானிக் இன்னொரு ஆல்டர்நேட்டர் போடலாங்கறான். முதலாளி படகையே ஓரங்கட்டிடலாங்கறார்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ ஒரு தடவ வந்து பாரேன்."

"துறையில நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே?"

"பேசிட்டுப் போறாங்க. நீ வாம்மா."

மீட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

துறையில் முதலாளியும் மெக்கானிக்கும் மற்ற மூன்று டிரைவர்களும் நின்றிருந்தார்கள். "வாங்கக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று மெக்கானிக் சொன்னதில் பாதி மரியாதை, பாதி கேலி. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்ஜின் அறைக்குள் இறங்கினாள். உள்ளே என்ஜின் பச்சைப் பசேலென்று பளபளத்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

கடன் பேட்டரியைப் போட்டு என்ஜினைக் கிளப்பச் சொன்னாள். விளக்குகளையெல்லாம் எரியவிடச் சொன்னாள். ஆல்டர்நேட்டரின் மேலேயே, அதன் பாசிட்டிவிலும் உடம்பிலும் மீட்டரை வைத்தாள். பதினாலே கால் வோல்ட். அருமை. பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தாள். வெறும் பன்னிரண்டரை.

"ஆல்டர்நேட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது" என்று மேலே பார்த்துச் சொன்னாள். "சமைக்கறவங்க சரியாத்தான் சமைக்கறாங்க. சாப்பாடு இலைக்கு வந்து சேரல."

"அப்ப வயர்தான்" என்றார் மெக்கானிக்.

"இருங்க தம்பி."

போகிற வழியைப் பார்த்தாள். ஆல்டர்நேட்டரின் பாசிட்டிவிலிருந்து பேட்டரியின் பாசிட்டிவ் வரைக்கும் இழப்பு ஒன்றுமில்லை. வயர் சுத்தம். இனித் திரும்பி வருகிற வழி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறு முனையை என்ஜின் உடம்பில் பெயின்ட்டைச் சுரண்டிக் குத்தினாள். ஒன்றுமில்லை. அதே முனையை ஆல்டர்நேட்டரின் உடம்புக்கு நகர்த்தினாள். ஒன்றே முக்கால் வோல்ட்!

இழப்பு இங்கேதான். என்ஜினுக்கும் ஆல்டர்நேட்டருக்கும் இடையில் இருப்பது அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி மட்டும்தான். மின்சாரம் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

என்ஜினை நிறுத்தச் சொல்லி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் போல்ட்டுகளை அவிழ்த்தாள். தாங்கி கையில் வந்தது. முன்பக்கம், பின்பக்கம், என்ஜினோடு ஒட்டுகிற முகம், போல்ட் நுழையும் துளையின் விளிம்பு என்று ஓர் இடம் மிச்சமில்லாமல் தடிமனாகப் பச்சைப் பெயின்ட்.

இதை யார் அடித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு அக்கறையாக எதையும் செய்கிற ஆள் இந்தத் துறையில் ஒருவர்தான். மேலே ஐந்து முகங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன சொல்வது என்று ஒரு கணம் தயங்கினாள்.

"எர்த் கிடைக்கல, கரண்ட் திரும்பி வர வழியில்ல. தாங்கிக்கும் என்ஜினுக்கும் நடுவுல பெயின்ட் இருக்கு. எத்தன ஆல்டர்நேட்டர் மாத்துனாலும் இதே தாங்கியில மாட்டுனா இதேதான் நடக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"பெயின்ட்டா? யாரு அடிச்சது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் கணவர் முன்னால் வந்தார். "இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் போன மாசம் எல்லாத்தையும் கழட்டி, ரெண்டு கோட்டு அடிச்சேன். இத நான் யோசிக்கல."

துருப்பிடித்த என்ஜின்களைத்தான் அவள் இதுவரை பார்த்திருந்தாள். இவ்வளவு சுத்தமான என்ஜின் அறையைப் பார்த்ததில்லை. அதை அப்படியே சொன்னாள். "பெயின்ட் அடிச்சதுல தப்பில்லைங்க. நாலு விரல் அகலத்த விட்டுட்டு அடிச்சிருந்தா போதும்."

தாங்கியின் முகங்களையும் என்ஜினில் அது உட்காரும் இடத்தையும் இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் அவளே தேய்த்தாள். மாட்டி இறுக்கினாள். அதோடு விடாமல், ஆல்டர்நேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தடியான வயர் ஒன்றைத் தனியாக இழுத்தாள். மறுபடி என்ஜின் ஓடியபோது மீட்டரை மெக்கானிக் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்க தம்பி."

பேட்டரி முனைகளில் பதினாலு வோல்ட்டுக்கும் மேல். மெக்கானிக் இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். "நான் திரும்பி வர்ற வழிய பாக்கவே இல்லக்கா" என்றார். இந்த முறை குரலில் கேலி இல்லை.

மறுநாள் படகு முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதற்கடுத்த நாளும், அந்த வாரம் முழுக்கவும். முதலாளி மற்ற மூன்று படகுகளின் மின்வேலையையும் இனி அவள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, அக்கரைச் சந்தைக்குப் போகப் படகில் ஏறினாள். கூட்டத்தோடு பின்னால் உட்காரப் போனவளை, டிரைவர் அறையிலிருந்து கணவர் கையசைத்து உள்ளே அழைத்தார். யாரோ ஒரு பயணி எட்டிப் பார்த்து, "யாருங்க இவங்க?" என்று கேட்டார்.

"இந்தப் படகோட எலக்ட்ரீசியன்" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. அப்புறம் கொஞ்சம் தாமதித்து, "என் வீட்டுக்காரிதான்" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அவள் தண்ணீரைப் பார்ப்பது போலத்தான் இருந்திருக்கும். அக்கரை வரும்வரை அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.